கொஞ்சல் கழுத்தோடு நிற்கட்டும்

கேள்வி: எங்கள் சன் கன்யூர் கிளிக்கு 2 வயது. முன்பு வீட்டில் எல்லோரிடமும் போகும். ஒரு மாதமாக என் தோளை விட்டு இறங்குவதில்லை. கணவர் பக்கத்தில் வந்தாலே பாய்ந்து கடிக்கிறது. தின்றதை என் கையில் கக்கி வைக்கிறது. நோயா, பொறாமையா?

பதில்: உங்கள் பறவை வயதுக்கு வந்துவிட்டது, உங்களைத் தன் ஜோடி என்று வரித்துக்கொண்டது. ஜோடிக்கு ஊட்டத்தான் கக்குகிறது, ஜோடியை நெருங்குபவரை விரட்டத்தான் கடிக்கிறது. ஊட்டுகிற பறவை தலையை மேலும் கீழும் ஆட்டி, குறிபார்த்து ஒரே இடத்தில் கக்கும், சுறுசுறுப்பு குறையாது. தலையை உதறி நாலாபுறமும் சிதறவிட்டு, முகத்து இறகெல்லாம் பிசுபிசுத்துச் சோர்ந்திருந்தால் அது வாந்தி. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீண்ட பகல், கொழுப்பான தீனி, கூடு வைக்கத் தோதான இருட்டு மூலை, ஜோடியின் தீண்டல் இவையெல்லாம் கூடிவரும்போது கிளியின் உடம்பு இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. காட்டில் அது சில மாதங்கள்தான். வீட்டில் நாமே வருடம் முழுக்க அந்தப் பருவத்தை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

முதலில் தடவுவதை மாற்றுங்கள். தலையும் கழுத்தும் மட்டும். முதுகு, இறக்கையின் அடி, வயிறு, வாலின் அடிப்பகுதி இவற்றைத் தொடுவது கிளிக்குக் கலவி அழைப்பு. நாயைத் தடவுவது போலத் தலையிலிருந்து வால்வரை நீவுகிற பழக்கம்தான் பெரும்பாலான வீடுகளில் வினையாகிறது. கை சும்மா இருக்காது என்றால் கிளியிடம் ஒரு விளையாட்டுச் சாமானைக் கொடுத்துவிடுங்கள்.

இரவில் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி ஓடுகிற அறையில் கூண்டின்மேல் துணியைப் போட்டுவிட்டு, தூங்க வைத்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. துணிக் கூடாரம், அட்டைப்பெட்டி, கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சோபாவுக்கு அடியிலும் சட்டைக்குள்ளும் நுழைய விடாதீர்கள். காகிதம் கிழிப்பது நல்ல பொழுதுபோக்குதான். கிழித்ததை ஒரு மூலையில் குவிக்கத் தொடங்கினால் அதையும் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான, குழைந்த உணவு ஊட்டல் போலவே இருப்பதால் இப்போதைக்கு வேண்டாம். விதைகளைக் கிண்ணத்திலிருந்து எடுத்துப் பரிசாக மட்டும் வையுங்கள். அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள்.

கடிக்கு வருவோம். தோள்மேல் ஏற்றாதீர்கள், உங்கள் முகமும் கண்ணும் பக்கத்திலேயே இருக்கின்றன. நெஞ்சுயரத்தில் ஒரு தாங்கியில் உட்காரட்டும். அதற்கு மிகப் பிடித்த தின்பண்டம் இனி கணவர் கையால் மட்டுமே. அந்த நேரத்தில் நீங்கள் அறையில் இருக்க வேண்டாம். கிளி சிலிர்க்காத தூரத்திலிருந்து வந்து, கிண்ணத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு அவர் நகர்ந்துவிட வேண்டும். தினம் இரண்டு மூன்று முறை, சில நிமிடங்கள் போதும்; தூரம் தானாகக் குறையும். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தாலோ, பிடரி இறகு தூக்கி நின்றாலோ, வால் விசிறி போல் விரிந்தாலோ கையை நீட்டாதீர்கள். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் குச்சியில் ஏற்றுங்கள்.

பெரும்பாலும் இது எங்கே கெடுகிறது தெரியுமா? கிளி பாய்ந்ததும் கணவர் பின்வாங்குவார், நீங்கள் “அடடா” என்று கிளியைச் சமாதானப்படுத்துவீர்கள். அதன் கணக்கில் இரண்டுமே வெற்றி. பாய்ந்தால் சத்தம் போடாமல் தாங்கியில் இறக்கிவிட்டு இருவரும் சேர்ந்தே வெளியேறுங்கள். ஜோடியைக் காக்கப் போய் ஜோடியே போய்விட்டது என்பது அதற்கு உறைக்கும். ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும்.

கேள்வி: தனியாக வளரும் காக்டீல் கிளி 3 முட்டை இட்டிருக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. எடுக்க எடுக்க, குறைந்ததை ஈடுகட்ட மேலும் இடும். உடம்பிலுள்ள கால்சியம்தான் கரையும். ஆண் துணை இல்லாததால் குஞ்சு பொரிக்காது. சுமார் 3 வாரம் அடைகாத்துவிட்டுத் தானே அலுத்து விலகும், அப்போது அப்புறப்படுத்துங்கள். கால்சியத்துக்குக் கணவாய் மீனின் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். மேலே சொன்ன இருட்டு, தீனி, தடவல் விதிகள் இதற்கும் பொருந்தும். இறகு உப்பிக் கூண்டின் தரையில் உட்கார்ந்து, வால் துடிக்க முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். வயிற்றை அமுக்கிப் பார்க்காமல், கதகதப்பாக வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். திரும்பத் திரும்ப முட்டையிட்டால், இனப்பெருக்க ஹார்மோனை அடக்கும் லூப்ரோலைடு ஊசியோ தோலடியில் வைக்கும் டெஸ்லோரெலின் மருந்தோ உண்டு. அது பறவை மருத்துவர் முடிவு.

கேள்வி: ஜோடி வாங்கிவிட்டால் இதெல்லாம் தீருமா?

பதில்: தீராது. புதிதாக வருவதைப் பழையது கொத்தலாம். ஒத்துப்போனால் அவை இரண்டும் சேர்ந்து உங்களை விரட்டலாம். அப்படியும் வாங்குவதென்றால் முதல் 30 நாளாவது வேறு அறையில், வேறு கூண்டில் வைத்துப் பரிசோதித்த பிறகே சேருங்கள்.