காலையில் வெள்ளைப் புகை, 'டக் டக்' சத்தம்: பழைய டீசல் பிக்கப்பில் எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: 2008 ஹைலக்ஸ், 2.5 டீசல், இரண்டரை இலட்சம் கிலோமீட்டர் ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகையும் தட்டுகிற சத்தமும் வருகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. போர்மேன் (பட்டறை மெக்கானிக்) எஞ்சினை இறக்கவேண்டும் என்கிறார்.

இப்போதைக்கு இறக்கவேண்டாம். ஆனால் இதைச் சரிபார்க்கும் வரைக்கும் பாரம் ஏற்றி ஓட்டவும் வேண்டாம்.

என்னிடம் இருப்பதும் அதே 2.5 டீசல் எஞ்சின்தான், 2கேடி என்பார்கள். மலேசியாவில் பெந்தோங்கில் இஞ்சி ஏற்றி, காராக் நெடுஞ்சாலை வழியாக செலாயாங் மொத்தச் சந்தைக்குக் கொண்டுவருவேன். சில வருடங்களுக்கு முன் கெந்திங் செம்பா ஏற்றத்தில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சுழலி) விசிலடித்து இழுவை போய்விட்டது. ஒரு பட்டறையில் டர்போ மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் புது டர்போவும் போனது. மறுபடியும் மாற்றச் சொன்னார்கள். காரணம் என்னவென்று அங்கே யாரும் தேடவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு செந்தூலில் வயதான போர்மேன் ஒருவரிடம் போனேன். டர்போவை அவர் தொடவே இல்லை. "காலையில சாவி போட்டா எண்ணெய் லைட் எப்ப அணையுது தம்பி?" என்று மட்டும் கேட்டார். முன்பெல்லாம் உடனே அணையும், இப்போது மூன்று நான்கு விநாடி எடுக்கிறது என்றேன். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கும் வடிகட்டியை என் கையில் கொடுத்தார். தேநீர் வடிகட்டி மாதிரி வலை. அதில் பாதிக்கு மேல் கருப்பாக, பாகு காய்ந்ததுபோல இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. "டர்போ தானா சாகல. அதுக்கு எண்ணெய் போய்ச் சேரல" என்றார்.

அந்தக் கருப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கும் விடை. 2.5 ஆனாலும் 3.0 ஆனாலும் இந்த எஞ்சின்களில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு சின்னச் செம்பு வாஷர் உண்டு. அது தேய்ந்தால், வெடிக்கும் வாயு இன்ஜெக்டர் ஓரமாகக் கசிந்து வால்வு மூடிக்குள் புகுந்துவிடும். கரி எண்ணெயோடு கலந்து, சூட்டில் தாராக மாறி, கீழே இறங்கி வடிகட்டியை அடைக்கும். நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போதான் முதலில் போகும். அடுத்தது எஞ்சினின் முக்கியத் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங். பேரிங் தட்ட ஆரம்பித்துவிட்டால் சில்லறைச் செலவில் முடிகிற வேலை இல்லை.

அதனால் நாளைக் காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது நீங்களே பாருங்கள். முதலில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி. அளவு குறைந்தால் எல்லோரும் பயப்படுகிறார்கள், கூடியிருந்தால் கவனிப்பதில்லை. ஊற்றாமலே எண்ணெய் ஏறியிருந்தால், டீசலின் வாடையும் அடித்தால், இன்ஜெக்டர் வழியாக டீசல் எண்ணெயில் கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெயோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அடுத்து, ஸ்டார்ட் செய்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். இலேசான ஆவி வந்தால் பரவாயில்லை. மூடி துள்ளி விழுகிற அளவுக்கு 'புஸ் புஸ்' என்று காற்று அடித்தால் ஒன்று வாஷர், அல்லது பிஸ்டன் ரிங்.

புகையைப் பொறுத்தவரை, காலையில் மட்டும் வந்து கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். பெரும்பாலும் இன்ஜெக்டர், சில சமயம் ஸ்டார்ட் ஆகும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக். சூடான பிறகும் வெள்ளையாக வந்து, இனிப்பு வாடையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் சிலிண்டருக்கு மேல் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கவேண்டும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது.

இன்ஜெக்டரைப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள், நான்கு பாட்டில் வைத்து. ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனியே பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்துவிட்டது. இன்ஜெக்டரைக் கழற்றினால் வாஷரைப் புதிதாகத்தான் போடவேண்டும். பழையதைத் துடைத்துப் போட ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் செய்தபிறகும் தட்டுகிற சத்தம் போகவில்லை, மூடியும் துள்ளுகிறது என்றால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் பிஸ்டனில் விரிசல் விழுந்திருக்கலாம். அப்போது உங்கள் போர்மேன் சொல்வது சரி, இறக்கத்தான் வேண்டும்.

பராமரிப்பில் நான் விடாமல் செய்வது, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும். 10,000 வரை தாங்கும் என்பார்கள். பாரத்தோடு மலையேறும் பழைய எஞ்சினுக்கு அதை நான் ஏற்கமாட்டேன். மேடு ஏறி முடித்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பேன். டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து மாதம் ஒருமுறை தண்ணீர் இறக்குவேன். நம் பம்பு டீசலில் பாமாயில் டீசல் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். 2024 ஜூன் 10-இல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனபோது எனக்கும் வலித்தது. அதற்காக டிரம்மில் கிடந்த டீசல் மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிடாதீர்கள். இன்ஜெக்டருக்குத் தண்ணீர் நஞ்சு.

நாளை பட்டறைக்குப் போனால் வாஷரும் சம்ப்பும்தான் முதல் வேலை என்று சொல்லுங்கள். சம்ப் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று, வடிகட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.