டைப்பை எழுதுவதா, கம்பைலரிடம் விடுவதா?

கோத்தகிரி வாசகர்: பசுந்தேயிலை எடைக்கு எழுதிய ஜாவா ப்ரோகிராமில் மொத்தம் எப்போதும் குறைகிறது. தராசு சரிதான். தவறு எங்கே?

முதல் வரியில். 'வார் மொத்தம் = 0' என்று தொடங்கியிருப்பீர்கள். வார் என்றால், டைப்பை (மதிப்பு எந்த வகை என்பதை) நீங்கள் எழுதாமல், ப்ரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலரிடம் விடுவது. வலப்பக்கம் வெறும் 0. கம்பைலர் அதை இன்ட் (முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்து 'மொத்தம் += 18.7' என்றால், பிழை எதுவும் காட்டாமல் தசமத்தை வெட்டி 18 ஆக்கிவிடும். ஜாவாவின் +=-க்குள் ஒரு காஸ்ட் (டைப் மாற்றம்) ஒளிந்திருக்கிறது. 18.7, 22.4, 19.6 கிலோ என மூன்று மூட்டை வந்தால் 60.7-க்குப் பதில் 59தான் நிற்கும். இலை கொண்டுவந்தவருக்கு 1.7 கிலோ நஷ்டம். 'மொத்தம் = மொத்தம் + 18.7' என்று நீட்டி எழுதியிருந்தால் கம்பைலரே தடுத்திருக்கும்; சி ஷார்ப் மொழியோ += போட்டாலும் விடாது.

'டபுள் மொத்தம் = 0' என்று மாற்றுங்கள்; டபுள் தசமத்தையும் வைத்துக்கொள்ளும். பணம் பட்டுவாடா ஆகும் கணக்கு என்பதால், எடையைக் கிராமாக்கி லாங்கில் (பெரிய முழு எண்ணில்) வைப்பது இன்னும் நல்லது. 1000-ஆல் பெருக்கியதும் ரவுண்ட் செய்யுங்கள். அப்படியே வெட்டினால் சில எடைகளில் ஒரு கிராம் குறையும்.

குன்னூர் வாசகி: அப்படியென்றால் வார் வேண்டவே வேண்டாமா?

தாராளமாகப் போடுங்கள், வலப்பக்கத்தைப் படித்ததும் டைப் தெரிகிற இடத்தில். 'நியூ அர்ரேலிஸ்ட்<>()' மட்டும் பொறி: குறிகளுக்குள் ஒன்றும் இல்லாததால் அது எதையும் ஏற்கும் ஆப்ஜெக்ட் பட்டியலாகிவிடும். 2018-இல் ஜாவா 10 வாரைக் கொண்டுவந்தபோதே ஃபங்ஷனுக்குள் இருக்கும் வேரியபிளோடு நிறுத்திக்கொண்டது; ஃபங்ஷன் வாங்கும் பாராமீட்டருக்கும், அது திருப்பித் தரும் மதிப்பின் ரிட்டர்ன் டைப்புக்கும் கிடையாது. ரஸ்ட் மொழியிலும் ஃபங்ஷன் வாசலில் இந்த டைப்களை எழுதியே ஆக வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் மொழி ரிட்டர்ன் டைப்பைத் தானே ஊகிக்கும்; ஆனாலும் வேறு ஃபைல்களுக்காக எக்ஸ்போர்ட் செய்யும் ஃபங்ஷனுக்கு எழுதிவிடுங்கள். இல்லையேல் உள்ளே செய்த பிழை, அதை அழைக்கும் வேறு ஃபைலில் போய்ச் சிவப்புக் கோடாக நிற்கும்.

கொடைக்கானல் வாசகர்: ஹோம்ஸ்டே பில்லில் 2500 வாடகையும் 300 கேம்ப்ஃபயரும் சேர்ந்து 2500300 ஆகிறது. டைப்ஸ்கிரிப்டில் நம்பர் என்று எழுதியும்!

சர்வர் அனுப்பும் உரையைத் தரவாக்கும் ஜேசன்.பார்ஸ் தருவது எனி, அதாவது கம்பைலர் சோதிக்காமல் விடும் டைப். அதன்மேல் நம்பர் என்று எழுதுவது வாக்குறுதிதான், சோதனை அல்ல. சர்வர் அனுப்பிய ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) ஸ்ட்ரிங்காகவே இருக்கும்; இரண்டைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். அன்னோன் (டைப் இன்னும் தெரியாது) என்று வாங்கி, டைப்ஆஃப் போட்டு அது நம்பர்தானா என்று பார்த்த பிறகு கூட்டுங்கள்.

கூடலூர் வாசகர்: டைப் எழுதாவிட்டால் வேகம் குறையுமா?

குறையாது, ஊகம் எல்லாம் கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடும். சி++ ஃபார் லூப்பில் மட்டும் கவனம்: அங்கே வாருக்கு இணையான 'ஆட்டோ'வை வெறுமனே போட்டால் பட்டியலின் ஒவ்வொரு உறுப்பையும் நகலெடுக்கும். படிக்க மட்டும் என்றால் 'கான்ஸ்ட் ஆட்டோ&'.