பால் விற்ற காசும் மாடு விற்ற காசும்

அன்புள்ள ஐயா,

தொழிற்சங்கங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வின் வீரர்கள் சங்கத்தையும் போகிற போக்கில் சேர்த்திருந்தீர்கள். எனக்கு அது உறுத்தியது. என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஸ்ட்ரைக் என்றால் மளிகைக்கடையில் கடன் சொல்கிற மாசம் என்றுதான் எனக்குத் தெரியும். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் 2011-ல் ஸ்ட்ரைக் செய்து பாதி சீசனைக் கெடுத்தார்கள், அணிகளோ நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இதில் தொழிலாளர் போராட்டம் எங்கே வந்தது?

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு திருத்தம். 2011-ல் நடந்தது ஸ்ட்ரைக் இல்லை, கதவடைப்பு. பஞ்சாலைக்காரர் மகனுக்கு வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஒப்பந்தம் முடிந்ததும் ஜூலை 1 அன்று பூட்டுப் போட்டது அணி முதலாளிகள். வீரர்கள் அணியின் ஜிம்முக்குள் நுழையக் கூடாது, பயிற்சியாளர்கள் அவர்களோடு பேசக் கூடாது, அணிகளின் இணையதளங்களில் வீரர்களின் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு நடனப் பெண்களையும் பொம்மை வேஷக்காரரையும் போட்டு ஒப்பேற்றினார்கள். பாதி சீசனும் கெடவில்லை, கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி அணிக்கு 82-க்குப் பதில் 66 ஆட்டம் நடந்தது. நீங்கள் 1998-99-ஐ நினைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம், அப்போதுதான் 50-ல் முடிந்தது. அதுவும் கதவடைப்பே.

சரி, நஷ்டத்துக்கு வருவோம். 30 அணிகளில் 22 நஷ்டத்தில் இருக்கின்றன, மொத்தம் 30 கோடி டாலர் போச்சு என்றது லீக். அந்த வருஷம் கூடைப்பந்தால் வந்த வருமானம் சுமார் 380 கோடி டாலர், அதில் 57 சதவீதம் வீரர்களுக்கு என்பது பழைய ஒப்பந்தம். இப்போது ஒரு துண்டுச் சீட்டு எடுங்கள். ஒரு சதவீதம் 3.8 கோடி. கடைசியில் வீரர்கள் இறங்கி வந்த இடம் 49-க்கும் 51-க்கும் நடுவே, அதாவது ஏறக்குறைய ஏழு சதவீதம் போனது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 27 கோடி டாலர். முதலாளிகள் காட்டிய நஷ்டம் ஏறக்குறைய அப்படியே வீரர்கள் பையிலிருந்து நிரம்பிவிட்டது.

அந்த 30 கோடியே நிஜமா என்று சங்கம் கேட்டது. அணியை வாங்க வாங்கின கடனுக்குக் கட்டுகிற வட்டியும் தேய்மானமும் சேர்ந்த கணக்கு இது என்றார்கள். வாங்கின விலைக்கான தேய்மானத்தை நாங்கள் சேர்க்கவே இல்லை என்றது லீக். அந்தச் சண்டையை விடுங்கள், தேய்மானம் என்ற விஷயமே வேடிக்கையானது. லாரி வாங்கினால் தேய்மானம் எழுதலாம், லாரி தேயும். அமெரிக்காவில் 2004-ல் மாறிய வரிச்சட்டப்படி, ஒரு அணியை வாங்குகிறவர் கொடுத்த விலையை ஏறக்குறைய முழுசாக 15 வருஷத்துக்குப் பிரித்துச் செலவாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் அணி தேய்வதில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் கிளிப்பர்ஸ் அணியை டொனால்ட் ஸ்டெர்லிங் 1981-ல் 1.25 கோடி டாலருக்கு வாங்கினார். பல வருஷம் லீகிலேயே கேலிக்கு ஆளான அணி அது. இனவெறிப் பேச்சு வெளியாகி லீக் அவரைத் துரத்தியபோது, 2014-ல், அது விற்ற விலை 200 கோடி. இவ்வளவு ஏன், கதவடைப்பு நடந்துகொண்டிருந்த அந்த 2011-லேயே பிலடெல்பியா அணியைச் சுமார் 28 கோடி டாலர் கொடுத்து ஒரு குழு வாங்கியது. நொடித்துப்போன தொழிலாக இருந்தால், பூட்டின கடையை யார் ஐயா அந்த விலைக்கு வாங்குவார்?

வீரர்களின் பங்கு வருமானத்தில்தான், விற்பனை விலையில் இல்லை. பால் விற்ற காசில் பாதி உண்டு, மாடு விற்ற காசில் ஒரு பைசா கிடையாது. 2011-ல் வீரர்களிடம் பாலில் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டின் விலை ஏறிக்கொண்டே இருந்தது.

சின்ன ஊர் அணிகளின் கஷ்டம் பொய் என்று சொல்ல மாட்டேன். லாஸ் ஏஞ்சலீஸின் இன்னொரு அணியான லேக்கர்ஸ் அந்த 2011 பிப்ரவரியில்தான் 20 வருஷத்துக்கு ஒரு பெரிய உள்ளூர் டிவி ஒப்பந்தம் போட்டது, சின்ன ஊரான சாக்ரமெண்டோவின் அணிக்கு அவ்வளவு பெரிதாக ஒன்று கனவிலும் கிடைத்திருக்காது. ஆனால் அது பெரிய முதலாளிக்கும் சின்ன முதலாளிக்கும் உள்ள பங்காளிச் சண்டை. புதிய ஒப்பந்தத்தோடு முதலாளிகள் தங்களுக்குள் வருமானப் பகிர்வைக் கூட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மைதான், அதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்பதுதான் என் கட்சி.

அப்புறம், 'கோடிகளில் சம்பளம்'. இந்தச் சங்கம் கோடிகளில் பிறந்தது இல்லை. 1964 ஜனவரி 14, பாஸ்டன், வெளியே பனி கொட்டுகிறது. லீகின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம், டிவியில் நேரலை. ஓய்வூதியத்துக்கு வாக்குக் கொடுத்தால்தான் களம் இறங்குவோம் என்று இருபது வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத் தலைவர் டாம் ஹைன்சன் சீசன் இல்லாத மாதங்களில் இன்ஷூரன்ஸ் விற்றவர். லேக்கர்ஸ் முதலாளி பாப் ஷார்ட், உடனே வெளியே வராவிட்டால் தொலைந்தாய் என்று தன் அணி வீரர் எல்ஜின் பெய்லருக்குக் கதவுக்கு வெளியே இருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பினார். பெய்லர் சொல்லியனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது. டிவிக்காரர்கள் ஒளிபரப்பையே நிறுத்துவோம் என்று மிரட்ட, லீகின் தலைவர் வால்டர் கென்னடி வந்து வாக்குக் கொடுத்தார். ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. இதைத் தொழிலாளர் போராட்டம் இல்லை என்று உங்கள் அப்பா சொல்வாரா, கேட்டுப் பாருங்கள்.

ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 2011-ல் ஒவ்வொரு அணிக்கும் சொந்த அரங்கத்தில் எட்டு ஆட்டம் குறைந்தது. டிக்கெட் கிழிப்பவர், பாப்கார்ன் விற்பவர், ஆட்டம் முடிந்து இருக்கைக்கு அடியில் கூட்டுகிறவர் எல்லாம் மணிக்கணக்குக் கூலிக்காரர்கள். வருமானத்தில் 50-ஆ 57-ஆ என்று பேசிய அந்த மேஜையில் அவர்களுக்கு நாற்காலியே போடவில்லை, எட்டு இரவுக் கூலி மட்டும் போனது.