பழைய கணினியில் ஆட இலவசமான, கட்டற்ற வியூக விளையாட்டு எது?

பழைய மடிக்கணினியில், பணம் கட்டாமல், விளம்பரத் தொல்லை இல்லாமல் ஆடக்கூடிய கட்டற்ற வியூக விளையாட்டு எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்றைச் சொல்லவேண்டுமானால், தயங்காமல் ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ என்பேன். டேவிட் வைட் என்பவர் 2003இல் தொடங்கிவைத்து, பல நாட்டுத் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்துவரும் இந்த விளையாட்டு, யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் இடம்தரும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை.

இது முறைவைத்து ஆடும் ஆட்டம். நீங்கள் படையை நகர்த்தி முடிக்கும்வரை எதிரி காத்திருப்பான் என்பதால், விரலின் வேகத்தைவிட யோசனைக்கே இங்கு மதிப்பு. களம் அறுகோணக் கட்டங்களால் ஆனது; ஒருவன்மீது அடி விழுமா என்பதை அவன் நிற்கும் நிலமே பெரிதும் முடிவுசெய்கிறது. ஆழமில்லாத நீரில் நிற்கும் ஈட்டி வீரன்மீது பத்தில் எட்டு அடி விழும் என்றால், அதே வீரன் ஊருக்குள் ஏறி நின்றதும் அது நான்காகக் குறைந்துவிடும். ஆகவே ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் எதிரியைத் தேடிப்போகாமல், அவன் நீரில் இறங்கும்வரை கரையில் பொறுத்திருப்பதே பெரும்பாலும் சரியான முடிவு. இதனோடு பகலும் இரவும் சேர்ந்துகொள்கின்றன. மனிதப் படையினரில் பலர் பகலில் 25 சதவீதம் கூடுதல் வலுவோடு தாக்குவார்கள், இரவில் அதே அளவு தளர்வார்கள். ஓர்க்குகள் என்ற கற்பனை அரக்க இனத்துக்கு இது தலைகீழ். விடியலில் முன்னேறி, அந்தி சாயும்போது நல்ல நிலம் பார்த்துப் பின்வாங்கும் பழக்கம் எனக்கு வந்த பிறகுதான் இந்த ஆட்டத்தின் ஆழம் புரிந்தது.

தொடக்கத்தில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். இதில் ஒவ்வொரு கதையும் அடுத்தடுத்த போர்களாக நகரும். முதல் சில போர்களில் வெற்றி ஒன்றையே பார்த்து, வீரர்களை வாரி இறைத்தேன். ஒரு போரில் பிழைத்த வீரர்களை அவர்கள் பெற்ற அனுபவத்தோடு அடுத்த போரில் திரும்ப அழைக்கலாம். எதிரியை வீழ்த்தும் கடைசி அடியைக் கொடுப்பவனுக்கே அனுபவம் அதிகம் சேரும். இதைக் கவனிக்காத எனக்குப் பிந்தைய போர்களில் தேர்ந்த வீரன் ஒருவனும் மிஞ்சவில்லை. கதையை முதலிலிருந்து மறுபடி ஆட நேர்ந்தது. நீங்கள் ‘எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்’ என்ற சிறிய கதையிலிருந்து தொடங்குங்கள்.

கட்டற்ற மென்பொருள் என்பதன் பயன் விலையில்லாமல் கிடைப்பதோடு முடிவதில்லை. வெஸ்னாத்தின் வீரர்களும் கதைகளும் சாதாரண உரைக்கோப்புகளாகவே இருக்கின்றன. ஒரு வீரன் எவ்வளவு அடி தாங்குவான் என்பதைக் குறிக்கும் உயிர்ப்புள்ளியை மாற்றிவிட்டு ஆட்டத்தைத் திறந்தபோது அந்த மாற்றம் களத்தில் தெரிந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்தது. நிரலெழுதக் கற்க விரும்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவசியம் காட்டுங்கள்.

நாகரிகத்தைக் கட்டி எழுப்பும் ஆட்டம்தான் பிடிக்கும் என்றால் ஃப்ரீசிவ் இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 1995இல் தொடங்கியது, பழைய கணினிக்கும் ஏற்றது. 1999இல் விற்பனைக்கு வந்து, 2004இல் மூலநிரல் வெளியிடப்பட்டதால் இன்றும் உயிரோடிருக்கும் வார்சோன் 2100, முறைக்குக் காத்திராமல் இரு தரப்பும் ஒரே நேரத்தில் ஆடும் நிகழ்நேரப் போரை விரும்புவோருக்கு உரியது. அழகில் எல்லாவற்றையும் விஞ்சுவது பண்டைய நாகரிகங்களின் போர் ஆட்டமான ஜீரோ ஏ.டி.; அதில் ரோமர், பாரசீகர் ஆகியோரோடு மௌரியரும் உண்டு, அவர்களுக்கு வேலை செய்யும் யானைகளும் உண்டு. ஆனால் படைகள் பெருகும்போது அது கணினியின் சக்தியை மிகுதியாகக் கேட்கும். உங்கள் மடிக்கணினியில் சிறிய வரைபடத்தில், ஒரே ஓர் எதிரியோடு ஆடிப் பாருங்கள். அதுவே திணறினால் புதிய கணினி வாங்கும்வரை ஒத்திவையுங்கள்.