வெறும் சர்க்கரை ஈஸ்டுக்குப் போதாது: ஊறல் பற்றிய கேள்விகளும் பதில்களும்

சர்க்கரை ஊறல், அதாவது சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடும் கரைசல், எளிதென்று எல்லோரும் சொல்வதால்தானோ என்னவோ, வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனால்..." என்றே தொடங்குகின்றன. பதிலுக்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம். வடிக்கும் நோக்கத்தோடு ஊறல் போட்டு வைத்திருப்பதையே குற்றமாகக் கருதும் சட்டங்களும் உண்டு. நீங்கள் வாழும் இடத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே என் பேச்சு பானைக்குள் நடக்கும் நொதித்தலைப் பற்றியது. அடுப்பும் வாலையும் (சாராயம் வடிக்கும் கலம்) இதில் வராது.

கேள்வி: மொத்தம் 20 லிட்டர் ஊறலுக்கு எத்தனை கிலோ சர்க்கரை? ஆறு கிலோ போட்டால் வீரியம் கூடும் என்கிறார் நண்பர்.

பதில்: நான்கு கிலோ போதும். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். லிட்டருக்கு 200 கிராம் என்றால் பதினொன்று, பதினொன்றரை சதவீதம். ஈஸ்ட் அதிகம் திணறாமல் எட்டக்கூடிய அளவு இது.

நண்பரின் ஆறு கிலோ கணக்கு தாளில் 17 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் லிட்டருக்கு 300 கிராம் கரைந்த நீரில் ஈஸ்டைப் போட்டால், அடர்ந்த கரைசல் அதன் உடலிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. தொடக்கத்திலேயே பாதி சோர்ந்துவிடுகிறது. பிறகு ஆல்கஹால் ஏற ஏற மீதியும் சோர்கிறது. கடைசியில் சர்க்கரை மிச்சமாகி, வேண்டாத வாடைகளும் சேர்ந்து நிற்கும். வீணாவது சர்க்கரை, கூடுவது தலைவலி.

இன்னொன்று: ஒரு கிலோ சர்க்கரை கரைந்தபின் சுமார் 0.6 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆகவே 20 லிட்டர் தண்ணீரில் நான்கு கிலோவைக் கொட்டினால் 22 லிட்டருக்கு மேல் வரும், அடர்த்தி குறையும். முதலில் கொஞ்சம் வெந்நீரில் சர்க்கரையை முழுதாகக் கரைத்து, பிறகு குளிர்ந்த நீரை 20 லிட்டர் கோடு வரை ஊற்றுங்கள். பாத்திரத்தின் மேலே நுரைக்கு இடம் விடுங்கள்.

கேள்வி: இரண்டு நாள் நன்றாகப் பொங்கியது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. ருசி பார்த்தால் இன்னும் தித்திக்கிறது. ஈஸ்ட் செத்துவிட்டதா?

பதில்: செத்திருக்க வாய்ப்பு குறைவு. பட்டினியாலோ புளிப்பாலோ முடங்கியிருக்கும். பல நேரம் இரண்டாலும்.

திராட்சைச் சாற்றிலும் முளைகட்டிய தானியக் கஞ்சியிலும் சர்க்கரையோடு நைட்ரஜன், வைட்டமின்கள், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் இயல்பாகவே இருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரை என்பது சுத்திகரித்த சுக்ரோஸ். அதில் எரிபொருள் மட்டும் உண்டு, உடல் வளர்க்க ஒன்றும் இல்லை. ஈஸ்ட் தன் கையிருப்பைக் கொண்டு ஒன்றிரண்டு தலைமுறை பெருகும், பிறகு நின்றுவிடும். நீங்கள் பார்த்த இரண்டு நாள் பொங்கல் அந்தக் கையிருப்புதான்.

ஊட்டத்துக்கு உணவுத்தர டைஅம்மோனியம் பாஸ்பேட், சுருக்கமாக டிஏபி, லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் தொடக்கத்திலேயே சேர்க்கலாம். அது நைட்ரஜனையும் பாஸ்பேட்டையும் மட்டும் தரும், வைட்டமின்களைத் தராது. அதற்கு மலிவான வழி, ரொட்டி ஈஸ்டில் கொஞ்சத்தைத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து ஊறலில் ஊற்றுவது. இறந்த ஈஸ்டின் உடல் உயிருள்ள ஈஸ்டுக்கு நல்ல உணவு. உரக் கடையில் விற்கும் டிஏபியைத் தொடாதீர்கள். வயலுக்கான சரக்கில் காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கலாம். யூரியாவும் வேண்டாம். அது ஆல்கஹாலோடு வினைபுரிந்து எத்தில் கார்பமேட் என்ற பொருளை உண்டாக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் அது இருக்கிறது.

அடுத்தது புளிப்பு. ஈஸ்ட் அம்மோனியத்தை உள்ளே இழுக்கும்போது அமிலத்தை வெளியே தள்ளுகிறது. பழச்சாறாக இருந்தால் இந்த மாற்றத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சர்க்கரைத் தண்ணீருக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. ஐந்தில் தொடங்கிய பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) மூன்றுக்குக் கீழே சட்டென்று இறங்கிவிடும், ஈஸ்ட் வேலையை நிறுத்திவிடும். சோதனைத் தாளோ மீட்டரோ வைத்துப் பாருங்கள். 3.5க்குக் கீழே போயிருந்தால் கால்சியம் கார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கழுவிக் காயவைத்து நொறுக்கிய கிளிஞ்சலும் அதே பொருள்தான். அதைத் தொடக்கத்திலேயே அடியில் போட்டுவைத்தால் புளிப்பு கூடும்போது மட்டும் கரையும், உங்கள் காவல் தேவைப்படாது. சமையல் சோடாவும் புளிப்பை முறிக்கும்தான், ஆனால் அதிலுள்ள சோடியம் ஈஸ்டுக்கு ஆகாது.

இவ்வளவு செய்தும் எழவில்லையென்றால் காய்ந்த ஈஸ்டை மேலே தூவாதீர்கள். எட்டு, ஒன்பது சதவீத ஆல்கஹாலில் நேராக விழும் ஈஸ்ட் பிழைப்பது கடினம். தனியாகக் கொஞ்சம் இளஞ்சூடான சர்க்கரை நீரில் ஊட்டத்தோடு புது ஈஸ்டை எழுப்பி, அதில் நின்றுபோன ஊறலைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கி, பொங்கும் நிலையில் திருப்பி ஊற்றுங்கள். அந்தக் கட்டத்தில் டிஏபி சேர்ப்பதால் பெரிய பயன் இல்லை. ஆல்கஹால் ஏறியபின் ஈஸ்டால் அம்மோனியத்தை உள்ளிழுக்க முடிவதில்லை.

கேள்வி: எலுமிச்சைச் சாறு விட்டுச் சர்க்கரையைக் கொதிக்கவைத்து உடைத்தால்தான் நொதிக்குமாமே?

பதில்: தேவையில்லை. சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்கும் இன்வர்டேஸ் என்ற நொதியை ஈஸ்டே சுரக்கிறது. விறகு மிச்சம்.

கேள்வி: ரொட்டி ஈஸ்ட் போதுமா, டர்போ ஈஸ்ட் வாங்கவேண்டுமா?

பதில்: பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு ரொட்டி ஈஸ்ட் தாராளமாகப் போதும். இரண்டுமே ஒரே இனம், சாக்கரோமைசிஸ் செரவிசியே. டர்போ பொட்டலத்தின் மாயம் பெரும்பாலும் அதிலுள்ள ஊட்டக் கலவைதான். வேகத்தை விரும்புகிறவர்கள் வாங்குகிறார்கள். வேகம் சூட்டைக் கிளப்பும், சூடு வாடையைக் கிளப்பும். உறைமேல் எழுதியிருக்கும் நாள் கணக்கை நம்பி அவசரப்பட எனக்கு மனமில்லை.

எந்த ஈஸ்டானாலும் தூவுவதற்கு முன் கரைசலை நன்றாகக் கடைந்து காற்றேற்றுங்கள். செல்சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால்களைக் கட்ட ஈஸ்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். பொங்கத் தொடங்கியபின் கடையக்கூடாது.

கேள்வி: குளிர்காலம் என்பதால் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: முதல் நாள் சரி. அதன்பின் கழற்றிவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது வெளிவரும் வெப்பம் வெளியே போகவே வழியில்லாமல் போனால், ஐந்து லிட்டர் ஊறலை 25 டிகிரிக்கு மேல் சூடேற்றிவிடும். நடைமுறையில் பெரும்பகுதி கசிந்துபோகும். ஆனால் பெரிய பாத்திரத்துக்குக் கம்பளியும் போர்த்தினால் கசிவு குறையும். 40 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். அதற்கு முன்பே, 30க்கு மேலே, தொண்டையைக் காறும் கனமான ஆல்கஹால்கள் பெருகும். ரொட்டி ஈஸ்டுக்கு 25 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது என் வழக்கம்.

கேள்வி: அழுகிய முட்டை வாடை வருகிறது. கொட்டிவிடலாமா?

பதில்: கொட்டவேண்டாம். நைட்ரஜன் பற்றாக்குறையில் ஈஸ்ட் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு அது. நொதித்தல் முதல் பாதியில் இருந்தால் ஊட்டம் சேருங்கள், ஓரிரு நாளில் பெரும்பாலும் அடங்கும். காடி வாடை என்றால் கதை வேறு: காற்றும் பழ ஈக்களும் உள்ளே போய்வந்திருக்கின்றன என்று பொருள். அதற்கு மருந்தில்லை.

கேள்வி: வாயு வெளியேறாமல் பாத்திரத்தை இறுக மூடினால் வீரியம் கூடுமா?

பதில்: பாத்திரம் வெடிக்கும். ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு வருகிறது. அறை வெப்பத்தில் அது 250 லிட்டருக்கு மேல். நான்கு கிலோவுக்கு ஆயிரம் லிட்டர். வாயு வெளியேறவும் காற்று உள்ளே வராமல் இருக்கவும் நீர் நிரப்பிய ஏர்லாக் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் மூடியைத் தளர்வாக வையுங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான மூலையில் தங்கும். ஆகவே நிலவறையிலும் சன்னல் இல்லாத அறையிலும் பெரிய ஊறல் வைக்கக்கூடாது. அந்த அறையில் யாரும் படுக்கவும் கூடாது.

கேள்வி: ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது. முடிந்ததா?

பதில்: குமிழி சாட்சி ஆகாது. மூடியில் சிறு கசிவிருந்தாலும் குமிழி வராது. வெயில் ஏறினால் முடிந்த ஊறலிலும் வரும். தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். லிட்டருக்கு 200 கிராம் கரைசல் தொடக்கத்தில் ஏறத்தாழ 1.077 காட்டும். முடியும்போது 0.990 பக்கம் இறங்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசு என்பதால் ஒன்றுக்குக் கீழே போவது இயல்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். இரண்டு நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தால் முடிந்தது. அளக்கும் முன் மாதிரியைக் குலுக்கி வாயுவை வெளியேற்றுங்கள், குமிழிகள் கருவியைத் தூக்கிப்பிடித்துப் பொய் சொல்லவைக்கும்.

கேள்வி: மெத்தனால் பயமாக இருக்கிறது. சர்க்கரை ஊறலில் கண்பார்வை போய்விடுமா?

பதில்: பயப்பட வேண்டியதுதான், ஆனால் சரியான இடத்தில். மெத்தனால் முக்கியமாகப் பழங்களின் பெக்டினிலிருந்து வருகிறது. பெக்டினை உடைக்கும் நொதிகள் அதை விடுவிக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையில் பெக்டின் இல்லை, ஆகவே சர்க்கரை ஊறலில் மெத்தனால் கிட்டத்தட்ட உண்டாவதே இல்லை. கும்பலாக மக்கள் சாகும் கள்ளச்சாராயச் சம்பவங்களுக்குக் காரணம் பெரும்பாலும் ஊறல் அல்ல. தொழிற்சாலைகளுக்கான மெத்தனாலை யாரோ கலந்து விற்பதுதான்.

இதிலிருந்து இரண்டு தவறான நம்பிக்கைகள் கிளம்பியிருக்கின்றன. ஒன்று, வடிக்கும்போது முதலில் வருவதைக் கொட்டினால் மெத்தனால் முழுவதும் போய்விடும் என்பது. மெத்தனால் 64.7 டிகிரியிலும், ஊறலில் உண்டாகும் ஆல்கஹாலான எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிப்பது தனித்தனியாக இருக்கும்போது. நீரும் எத்தனாலும் கலந்த இடத்தில் மெத்தனால் வரிசையில் முதலில் வந்து முடிந்துவிடுவதில்லை, வடியும் நேரம் முழுக்கத் தொடர்ந்து வரும். கலப்படச் சரக்கை மறுபடி வடித்துச் சுத்தமாக்கலாம் என்று நினைப்பவர் உயிரோடு விளையாடுகிறார். முதலில் வருவதைக் கொட்டுவதற்குக் காரணம் அசிட்டால்டிஹைடும், நகப்பூச்சு அகற்றி போல மணக்கும் எத்தில் அசிட்டேட்டும்தான்.

இரண்டாவது, கொளுத்திப் பார்த்துச் சுடரின் நிறத்தில் கண்டுபிடிக்கலாம் என்பது. முடியாது. எத்தனாலும் மெத்தனாலும் கலந்திருந்தால் சுடர் எதையும் காட்டிக்கொடுக்காது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாராயத்தைக் குடித்த ஒருவருக்குப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்குகிறது, வாந்தி, மூச்சு வாங்குகிறது என்றால் தூங்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்து இருக்கிறது. தாமதித்தால் கண் நரம்பு போய்விடும்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் வெல்லம்?

பதில்: தாராளமாக. அதில் தாதுக்களும் கொஞ்சம் நைட்ரஜனும் இருப்பதால் ஊறல் அவ்வளவு சீக்கிரம் முடங்காது. நுரை அதிகம், மணமும் அதிகம். வெல்லத்தில் ஈரமும் பிற பொருள்களும் இருப்பதால் எடைக்கு எடை மாற்றக்கூடாது. ஹைட்ரோமீட்டர் அதே எண்ணைக் காட்டும்வரை சேருங்கள்.

கேள்வி: முடிந்த ஊறல் பால்போலக் கலங்கியிருக்கிறது. எப்படித் தெளியவைப்பது?

பதில்: குளிர்ந்த இடத்தில் அசைக்காமல் ஒரு வாரம் விடுங்கள், ஈஸ்ட் தானாகவே அடியில் படியும். அவசரமென்றால் வெந்நீரில் ஊறவைத்த பென்டோனைட் களிமண்ணைக் கலக்கலாம். பிறகு குழாய் வழியாக மேல்நீரை மட்டும் எடுங்கள். குழாயின் நுனி வண்டலுக்கு இரண்டு விரல்கடை மேலே நிற்கட்டும். கடைசி அரை லிட்டருக்கு ஆசைப்பட்டுப் பாத்திரத்தைச் சாய்த்தால் ஒரு வாரக் காத்திருப்பும் கலங்கிவிடும்.