மிச்சமான 380 டி-ஷர்ட்டும் 20 லட்ச ரூபாய் நோட்டீஸும்

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். திருப்பூரில் சிறிய ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு ஏஜென்ட் மூலம் ஐரோப்பிய பையர் ஒருவருக்கு 4,000 டி-ஷர்ட்களில் அச்சடித்துக் கொடுத்தேன். பீஸுக்கு 18 ரூபாய் கூலி. அரக்க முகமூடி அணிந்து, மேடையில் போலி ரத்தம் பீய்ச்சி ஆடும் ஓர் அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் படங்கள் அவை. குழுவின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் அனுமதி தந்ததாகச் சொல்லி, ஒரு கடிதத்தின் நகலை ஏஜென்ட் காட்டினார். கூடுதலாக அச்சான 380 பீஸ்களைக் கூலி பாக்கிக்கு ஈடாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பாதியை காதர்பேட்டை வியாபாரிக்கு பீஸ் 110 ரூபாய்க்குக் கொடுத்தேன். என் மகன் 100 பீஸ்களை 399 ரூபாய் வீதம் இணையத்தில் விற்றான். வாங்கியவர்களுக்கு அந்தக் குழுவின் மேடை நிகழ்ச்சியை யூடியூபிலிருந்து இறக்கி, டிவிடியில் பதிந்து இலவசமாக அனுப்பினான். 90 பீஸ் கையில் இருக்கிறது. இப்போது டெல்லியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் சரக்கையும் ஸ்கிரீன்களையும் ஒப்படைத்து, தவற்றை ஒப்புக்கொண்டு உறுதிமொழி எழுதித் தந்து, 20 லட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டுமாம். நான் கூலிக்கு அச்சடித்தவன். என் மேல் குற்றம் உண்டா? மகனைக் கைது செய்வார்களா? மிச்சச் சரக்கை எரித்துவிடலாமா?

பதில்: எரிக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். இன்று அந்த 90 பீஸ் உங்களுக்குச் சாதகமான சாட்சி. எவ்வளவு அச்சடித்தீர்கள், எவ்வளவு விற்றீர்கள் என்ற உங்கள் கணக்கை நிரூபிக்க அவைதான் இருக்கின்றன. எரித்துவிட்டால் 90 இருந்ததா 9,000 இருந்ததா என்று எதிர்த்தரப்பு கேட்கும். சாட்சியத்தை அழித்தவர் என்ற பெயரும் சேரும். இன்றே எண்ணி, படம் எடுத்து, மூட்டையாகக் கட்டி, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். ஸ்கிரீன்கள், பிலிம்கள், ஏஜென்டின் மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள், டெலிவரி சலான்கள் எதையும் தொடாதீர்கள். மகனின் இணையக் கடையில் அந்த டி-ஷர்ட்டின் பக்கத்தை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். விற்பனைக் கணக்கை மட்டும் சேமித்து வைக்கட்டும்.

குழுவின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட குழுக்களின் சரக்கில் என்னென்ன உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்ட் காட்டிய கடிதம் ஏன் உங்களைக் காப்பாற்றாது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

சாதாரணப் பாடகருக்குக் குரல்தான் சொத்து. முகமூடி போட்டு ஆடும் குழுவுக்கு முகமே சொத்து. 1973-இல் நியூயார்க்கில் தொடங்கிய கிஸ் குழு, தன் உறுப்பினர்களின் முகப்பூச்சுகளை வணிகக் குறியாகவே (டிரேட்மார்க்) பதிவு செய்தது. ஏஸ் ஃப்ரேலியும் பீட்டர் கிரிஸும் விலகிய பிறகு, அவர்களுடைய பூச்சைப் பூசிக்கொண்டு வேறு இருவர் மேடை ஏறினார்கள். ஆள் போனாலும் முகம் குழுவிடமே இருந்தது. 2024 ஏப்ரலில் கிஸ்ஸின் பாடல்கள், பெயர், உருவம் எல்லாம் சுவீடனின் பாப்ஹவுஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. இனி அந்த முகங்களை அச்சடிக்க நினைப்பவர், ஒரு காலத்தில் அந்தப் பூச்சைப் பூசியவரிடம் கையெழுத்து வாங்கிப் பயனில்லை.

மிஸ்ஃபிட்ஸ் குழுவின் கதை இன்னும் சிக்கலானது. அவர்களுடைய புகழ்பெற்ற மண்டையோட்டு முகமே 1946-இல் வந்த ஒரு திரைத் தொடரிலிருந்து எடுத்தது. குழு உடைந்த பிறகு, 1994-இல் உறுப்பினர்கள் ஒப்பந்தம் போட்டு டி-ஷர்ட் உள்ளிட்ட வணிக உரிமைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். இருபது ஆண்டு கழித்து, 2014-இல், அதே உரிமைகளுக்காகப் பாடகர் கிளென் டான்சிக் பழைய கூட்டாளி மீது வழக்குத் தொடுத்தார், அது தள்ளுபடியானது. அவர்களுக்குள்ளேயே யாருக்கு என்ன உரிமை என்பது நீதிமன்றம் வரை போன விஷயம் என்றால், திருப்பூரில் ஒரு நகலைப் பார்த்து நாம் எப்படி முடிவு செய்வது?

ஆகவே உங்கள் டி-ஷர்ட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. படம் வரைந்த ஓவியருடையதோ அவர் எழுதிக் கொடுத்த நிறுவனத்துடையதோ ஆன பதிப்புரிமை ஒன்று. குழுவின் பெயரும் எழுத்து வடிவமும் வணிகக் குறி. ஆளை அடையாளம் காட்டும் முகத்துக்கு ஆளுமை உரிமை, அதாவது தன் பெயரையும் உருவத்தையும் பிறர் அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை. அமெரிக்கப் படைப்புதானே என்று விட முடியாது. 1999-ஆம் ஆண்டின் சர்வதேசப் பதிப்புரிமை ஆணைப்படி அதற்கு இங்கும் பாதுகாப்பு உண்டு, இந்தியாவில் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. ஆளுமை உரிமையும் நமக்குப் புதிதல்ல. 2015-இல் நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றமே அதை ஏற்றிருக்கிறது.

முன்னாள் உறுப்பினர் கூட்டு உரிமையாளராகவே இருக்கட்டும். அமெரிக்கச் சட்டத்தில் கூட்டு உரிமையாளர் ஒருவர் தனியாகவே சாதாரண உரிமம் தர முடியும். இந்தியாவில் மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் அது செல்லாது என்பதே நம் நீதிமன்றங்களின் போக்கு. நீங்கள் அச்சடித்தது இந்தியாவில்.

‘கூலிக்கு அச்சடித்தேன்’ என்பதற்கு வருகிறேன். திருப்பூரில் இந்த வாக்கியத்தை நம்பி எத்தனையோ பேர் தொழில் செய்கிறார்கள் என்பதால் எனக்கு இது மிகுந்த கவலை தருகிறது. பதிப்புரிமைச் சட்டம் பிரதி எடுப்பவரைத்தான் முதலில் பார்க்கிறது, அச்சடித்தவர் நீங்கள். ஏற்றுமதிச் சரக்கு இங்கே விற்கவில்லை என்பதும் பதிலாகாது. வணிகக் குறிச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அந்தக் குறியுடன் சரக்கை ஏற்றுமதி செய்வதையும் குறியைப் பயன்படுத்துவதாகவே கொள்கிறது.

கூலிக்காரர் என்ற நிலை உங்களுக்கு உதவும் இடம் வேறு. பதிப்புரிமை இருப்பது தெரியாமலும், தெரிந்திருக்க நியாயமான காரணம் இல்லாமலும் செய்திருந்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கேட்க முடியாது. தடையாணையும் உங்கள் லாபத்தில் முழுமையோ ஒரு பகுதியோ மட்டுமே கேட்க முடியும். ஆனால் அனுமதிக் கடிதத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதாவது, அனுமதி தேவைப்படும் படம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த வாதத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். அதே கடிதம் குற்ற வழக்கு என்று வந்தால் உங்கள் கேடயம். அனுமதி இருப்பதாக நம்பியவர் ‘தெரிந்தே’ மீறினார் என்று நிரூபிப்பது கடினம்.

380 பீஸ் விஷயத்தில் நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. பையரின் உரிமம் பழுதில்லாததாகவே இருந்திருந்தாலும், அது அவருக்கு, அவர் விற்கும் நாட்டுக்கு, பேசிய எண்ணிக்கைக்கு மட்டும். உரிமையாளரின் சம்மதத்தோடு சந்தைக்கு வந்த சரக்கை மறுபடி விற்கலாம். மிச்சப் பீஸ் அப்படிச் சந்தைக்கு வந்ததே இல்லை. கூலி பாக்கிக்கு ஈடாகத் தன்னுடையதல்லாத உரிமையை ஏஜென்ட் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். அந்தப் பாக்கியை அவரிடம் பணமாகவே கேளுங்கள்.

50 பீஸுக்கு மேல் அடித்தால் பதிப்புரிமை போய்விடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் அப்படி ஒரு விதி இருக்கிறது, ஆனால் அது வடிவமைப்பாக (டிசைன்) பதியக்கூடியவற்றுக்கு. உரிமையாளரோ அவர் உரிமம் தந்தவரோ அடித்திருக்கவும் வேண்டும். நீங்கள் அச்சடித்தது போன்ற இசைக்குழுப் படத்துக்கு இதை நீட்டுவது ஆபத்து.

மகனின் டிவிடி தனிக் கதை. இலவசமாகத்தானே கொடுத்தான் என்று நீங்கள் நினைக்கலாம். 399 ரூபாய் சட்டையை விற்பதற்காகக் கொடுத்த இலவசம் வியாபார லாபத்துக்கானதுதான். ஒரு மேடை நிகழ்ச்சியின் வீடியோவில் பாடல் வரிகள், இசை, ஒலிப்பதிவு, படப்பதிவு ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை. கலைஞர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை வேறு, அது 50 ஆண்டு நீடிக்கும். யூடியூபில் எல்லோரும் பார்க்கலாம் என்பது பிரதி எடுத்து விநியோகிக்கும் அனுமதி ஆகாது. நோட்டீஸில் டிவிடி பற்றி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், பதிலில் நீங்களாக அதை எழுத வேண்டாம். உங்கள் வக்கீலிடம் மட்டும் முழுவதையும் சொல்லிவிடுங்கள். மீதி டிவிடிகளை அனுப்புவது இன்றோடு நிற்கட்டும்.

கைது பற்றி. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிட் புரோ வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று தீர்ப்பளித்தது. அதனால் அலட்சியம் கூடாது. ஆயினும் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது தேவை என்பதற்குக் காரணத்தைப் பதிவு செய்யாமல் காவல்துறை கைது செய்யக் கூடாது. பொதுவாக முதலில் விசாரணைக்கு அழைப்பாணை தருவார்கள். உங்களுக்கு வந்திருப்பது உரிமையியல் நோட்டீஸ். புகார் பதிவானதாகத் தெரிந்தால் அன்றே முன்ஜாமீன் மனு போடலாம். இன்று இரவு நீங்களும் மகனும் நிம்மதியாகத் தூங்கலாம்.

20 லட்சம் என்பது அவர்கள் கேட்கும் தொகை, நீங்கள் கொடுக்க வேண்டிய தொகை அல்ல. உங்கள் கணக்கையே பாருங்கள்: அச்சுக்கூலி 72,000, காதர்பேட்டையில் 20,900, மகன் விற்றது 39,900. மொத்தம் 1,32,800 ரூபாய். இதுவும் வரவுதான், லாபம் அல்ல. உறுதிமொழிப் பத்திரத்தில் அவர்கள் அனுப்பிய வாசகத்தில் கையெழுத்திடாதீர்கள். இனி அச்சடிக்க மாட்டேன், விற்க மாட்டேன் என்று எழுதித் தரலாம். தெரிந்தே தவறு செய்தேன் என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

15 நாள் முடிவதற்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். அதில் அவர்களுடைய உரிமைக்கான ஆவணங்களையும், 25-ஆம் வகுப்பில் ஆடைகளுக்கான வணிகக் குறிப் பதிவு எண்ணையும் கேளுங்கள். நோட்டீஸ் அனுப்பியவரே உண்மையான உரிமையாளரா என்பது, மேலே சொன்ன கதைகளைப் பார்த்தால், கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கூடவே டெல்லியில் வழக்கு வரக்கூடிய நீதிமன்றத்தில் கேவியட் மனு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்கி, சரக்கைச் சோதித்துக் கைப்பற்ற நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் திடீரென்று யூனிட்டுக்கு வருவதைத் தவிர்க்க அது உதவும். 90 நாள் செல்லும். அப்படியும் ஆணையர் வந்தால் தடுக்காதீர்கள். எடுத்த எண்ணிக்கையைச் சரிபார்த்து, பட்டியலின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்டுக்கும் பையருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும், இழப்பை அவர்கள் ஏற்கக் கோரி. காதர்பேட்டை வியாபாரியிடம் இன்றே தகவல் சொல்லி, விற்காத பீஸ்களைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். அவரும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நாளை காலை கடை திறந்ததும் முதல் வேலையாக ஏஜென்ட் காட்டிய அந்தக் கடிதத்தைத் தேடுங்கள். உங்களிடம் நகல் இல்லையென்றால், நோட்டீஸ் வந்த செய்தியைச் சொல்வதற்கு முன்பே அவரிடமிருந்து அதை வாங்கிவிடுங்கள்.