இயந்திரம் வந்தது, பலன் யாருக்குப் போனது? தொழிற்புரட்சி பற்றிய கேள்வி-பதில்

தொழிற்புரட்சி பற்றி வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. இயந்திரம் செல்வத்தைப் பெருக்கியது சரி, அந்தச் செல்வம் யார் கைக்கு, எப்போது போனது? இதைத் தொடும் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தொழிற்புரட்சி ஏன் பிரிட்டனில் தொடங்கியது? அறிவியலில் பிரான்ஸும் முன்னணியில்தானே இருந்தது?

இருந்தது. அறிவியல் மட்டும் போதும் என்றால் பாரிஸில் தொடங்கியிருக்கலாம். பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் தரும் விளக்கம் எனக்குப் பெரும்பாலும் ஏற்புடையது. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் கூலி அதிகம், நிலக்கரி மலிவு. ஆளைக் குறைத்துக் கரியை எரிக்கும் கருவி அங்கேதான் கட்டுபடியானது.

1712இல் தாமஸ் நியூகோமன் நிறுவிய எஞ்சினைப் பாருங்கள். அது கரியை வாரி விழுங்கியது. கரி ஏறக்குறைய சும்மா கிடைத்த சுரங்க வாசலில், தண்ணீர் இறைக்கத்தான் அது முக்கியமாகப் பயன்பட்டது. கரி விலை கூடிய நாட்டில் அதை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். இங்கே ஓடிக்கொண்டே இருந்ததால் அதைத் திருத்தவும் ஆள் கிடைத்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகோமன் மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கப் போன ஜேம்ஸ் வாட், நீராவியைத் தனிக் கலனில் குளிரவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1769இல் காப்புரிமை பெற்றார். எரிபொருள் செலவு வெகுவாகக் குறைந்தது. கரி மலிவாக இல்லாத இடங்களுக்கும் எஞ்சின் போக முடிந்தது அதன் பிறகுதான்.

ஆனால் கூலிக் கணக்கைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. கையால் நூல் நூற்ற பெண்களுக்கு அப்படியொன்றும் அதிகக் கூலி கிடைக்கவில்லை என்று ஜேன் ஹம்ஃப்ரிஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் வலுவான சான்றுகளோடு மறுக்கிறார்கள். கடிகாரம் செய்வோர், ஆலைப் பொறி அமைப்போர் என்று கைத்தேர்ச்சி உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்ததும், கடல் கடந்த சந்தைகளும், அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியும் சேர்ந்துதான் இது நடந்தது. இந்தக் கடைசிக் காரணத்தை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு அரைகுறையானது. 1860 வாக்கில் பிரிட்டனின் பஞ்சாலைகளுக்கு வந்த பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகள் பறித்தது.

கேள்வி: நீராவி எஞ்சின் வந்ததும் உற்பத்தி ஒரேயடியாக எகிறியதா?

இல்லை. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் குரோம்ஃபோர்டில் தொடங்கிய புகழ்பெற்ற நூற்பாலை ஓடியது தண்ணீரால். பிரிட்டனில் நீராவியின் மொத்தத் திறன் நீர்ச்சக்கரங்களின் திறனை எட்டிப் பிடித்தது ஏறக்குறைய 1830இல்தான்.

பஞ்சு நூற்பில் நடந்தது பாய்ச்சலேதான். 100 பவுண்டு பஞ்சைக் கையால் நூற்க சுமார் 50,000 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. 1790களின் இயந்திரங்களில் அது 300 மணி நேரம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் தையல், கட்டட வேலை, தச்சு, வீட்டு வேலை எல்லாம் பழைய நடையில்தான் போயின. அதனால் நாடு முழுமைக்கும் கணக்கிட்டால், தலைக்கு உற்பத்தி 1830 வரை ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வளர்ந்தது.

கேள்வி: தொழிலாளர் வாழ்க்கை உயர்ந்ததா, மோசமானதா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

முதலில் தேங்கியது, பிறகு உயர்ந்தது. ஆலனின் கணக்குப்படி 1780க்கும் 1840க்கும் இடையே பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் சராசரி உற்பத்தி 46 விழுக்காடு கூடியது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் கூலி 12 விழுக்காடுதான் கூடியது. மிச்சம் பெரும்பாலும் லாபமாக முதலாளிகளிடம் சேர்ந்து, புதிய ஆலைகளாகவும் ரயில்பாதைகளாகவும் மாறியது. 1840க்குப் பிறகு கூலியும் உற்பத்தியோடு சேர்ந்து ஏறத் தொடங்கியது.

அறுபது ஆண்டு என்றால் இரண்டு தலைமுறை. எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையில் ஓர் ஒப்பீடு வருகிறது. கிராமப்புறமான ரட்லண்டில் உழைப்பாளிக் குடும்பத்தினர் இறந்தபோது சராசரி வயது 38. மான்செஸ்டரில் 17. குழந்தைச் சாவுகள்தான் அந்த எண்ணை அவ்வளவு கீழே இழுத்தன. 1801இல் சுமார் 75,000 பேர் இருந்த மான்செஸ்டரில் 1851இல் 3 லட்சம் பேர். அவ்வளவு பேருக்குச் சாக்கடையும் குடிநீரும் அமைக்கும் பொறுப்பை யாரும் உரிய நேரத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

கைத்தறி நெசவாளர்களின் கதை இன்னும் கசப்பானது. நூற்பு இயந்திரம் முதலில் அவர்களுக்கு நல்ல காலத்தையே கொண்டுவந்தது. நூல் மலிந்தது, நெய்ய ஆள் போதவில்லை, கூலி ஏறியது. அப்புறம் விசைத்தறி பரவியது. ஆனால் தறிகள் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. நெசவாளர்கள் தங்கள் கூலியை மேலும் மேலும் குறைத்துக்கொண்டு இயந்திரத்தோடு போட்டி போட்டார்கள். 1820களில் பருத்தி நெசவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறிக்காரர்கள் இருந்தார்கள். 1850இல் சில பத்தாயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். 1815இல் முப்பது வயதான ஒரு நெசவாளிக்கு 1850இன் கூலி உயர்வால் என்ன பயன்? ‘கடைசியில் எல்லாருக்கும் நல்லதுதானே நடந்தது’ என்பவர்கள் இந்த ஆளை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1840க்குப் பிறகு ஏன் மாறியது என்றும் கேட்க வேண்டும். மூலதனம் போதிய அளவு குவிந்து, ஆள் தேவை கூடியது ஒரு காரணம். 1846இல் தானிய இறக்குமதி வரிச் சட்டங்கள் நீக்கப்பட்டு உணவு மலிந்தது இன்னொன்று. 1847இன் பத்து மணி நேர வேலைச் சட்டம், 1867இல் நகரத் தொழிலாளரில் பலருக்குக் கிடைத்த வாக்குரிமை, 1871இல் தொழிற்சங்கங்கள் பெற்ற சட்டப் பாதுகாப்பு ஆகியவையும் சேர்ந்தன. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று யாராவது துல்லியமாகப் பிரித்துக் கொடுத்தால் சந்தேகத்தோடு படியுங்கள்.

கேள்வி: இயந்திரங்களை உடைத்த லட்டைட்டுகள் அறியாமையால்தானே அப்படிச் செய்தார்கள்?

அவர்களுக்கு இயந்திரம் நன்றாகத் தெரியும். 1811இல் நாட்டிங்காம்ஷயரில் அவர்கள் உடைத்தது காலுறை பின்னும் சட்டகங்களை. அது 1589லேயே கண்டுபிடிக்கப்பட்ட கருவி. அதை வைத்துத்தான் அவர்களே பிழைத்தார்கள். தேர்ச்சியில்லாத ஆட்களை வைத்து மட்டமான சரக்கு பின்னி, கூலியைக் குறைத்த முதலாளிகளின் சட்டகங்களைத்தான் பெரும்பாலும் தேடி உடைத்தார்கள். தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி பேசுவதே 1799 முதல் 1824 வரை சட்டப்படி குற்றம். பேசும் வழி அடைக்கப்பட்டிருந்தது.

1812இல் சட்டகம் உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் உரையிலேயே அதை எதிர்த்தார். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

இங்கே பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோவைச் சொல்லியாக வேண்டும். இயந்திரம் எல்லா வகுப்பாருக்கும் நன்மை என்று நம்பியிருந்தவர் அவர். 1821இல் தன் நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரம் பற்றிப் புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்து, இயந்திரம் தொழிலாளருக்குக் கேடு செய்யவும் கூடும், அவர்களுடைய அச்சம் வெறும் தப்பெண்ணம் இல்லை என்று எழுதினார். அவரைப் பின்பற்றியவர்களில் சிலர் அதிர்ந்துபோனார்கள். எனக்கு ரிக்கார்டோ மேல் மதிப்பு கூடியதே அந்த அத்தியாயத்தால்தான்.

கேள்வி: ஆடம் ஸ்மித் ஆலை யுகத்தின் பொருளாதார அறிஞரா?

அதன் வாசலில் நின்றவர். அவருடைய நூல் 1776இல் வெளிவந்தது. வாட்டின் எஞ்சின்கள் வணிக ரீதியில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவர் சொன்ன புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒரு சிறிய குண்டூசிப் பட்டறை. பத்துப் பேர் வேலையைப் பகிர்ந்துகொண்டு நாளுக்கு 48,000 ஊசி செய்கிறார்கள். அதைப் பாடப்புத்தகங்கள் விடாமல் சொல்கின்றன. வாழ்நாள் முழுக்க ஒன்றிரண்டு அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்பவனின் அறிவு மழுங்கிவிடும், அதைத் தடுக்க அரசு கல்வி தர வேண்டும் என்று அதே நூலில் அவர் எழுதியிருப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கேள்வி: மால்தஸ் சொன்னது பொய்த்துப்போனதா?

மக்கள்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும், அதனால் கூலி பிழைப்புக்கு மேல் நிலைக்காது என்றார் மால்தஸ். அவருக்கு முந்தைய காலத்துக்கு அவர் சொன்னது பெருமளவு சரி. 1798இல் அவர் எழுதியபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. கிரேட் பிரிட்டனின் மக்கள்தொகை 1801இல் சுமார் 1 கோடியே 5 லட்சம். 1851இல் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு. அவர் அஞ்சியபடி கூலி சரியவில்லை. விறகுக்குப் பதில் நிலக்கரியும், வெளிநாட்டு விளைநிலங்களும் நிலத்தின் மேலிருந்த பாரத்தைக் குறைத்தன.

கேள்வி: சிறுவர் உழைப்பை ஆலைகள்தான் உருவாக்கினவா?

குழந்தைகள் அதற்கு முன்பும் வீட்டிலும் வயலிலும் வேலை செய்தார்கள். ஆலை அதை மணியடித்து, நீண்ட நேரம், அந்நியரின் மேற்பார்வையில் நடக்கும் வேலையாக்கியது. 1802லும் 1819லும் சட்டங்கள் வந்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேற்பார்க்க யாரும் இல்லை. 1833 சட்டம் பெரும்பாலான நெசவு, நூற்பு ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்ததோடு, சம்பளம் வாங்கும் ஆய்வாளர்களையும் நியமித்தது. நாடு முழுமைக்கும் நான்கே பேர். ஆனாலும் அவர்கள் எழுதிய அறிக்கைகள் பின்னால் பெரிய ஆயுதமாயின. கார்ல் மார்க்ஸ் 1867இல் தன் பெருநூலில் வேலை நாள் பற்றி எழுதும்போது பக்கம் பக்கமாக எடுத்தாள்வது அவற்றைத்தான்.

கேள்வி: சுதந்திர வணிகத்தால்தானே எல்லா நாடும் முன்னேறியது?

முன்னேறிய நாடுகள் நடந்த பாதை அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனே 1721இல் அச்சிட்ட பருத்தித் துணி விற்பதையும் உடுத்துவதையும் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்தியத் துணிகளின் போட்டியைத் தாங்க முடியாமல்தான். தடை 1774இல் நீங்கியபோது ஆர்க்ரைட்டின் ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் நன்றாக வருவதைச் செய்து மற்றதை வாங்கினால் எல்லாருக்கும் லாபம் என்ற ஒப்பீட்டு அனுகூலம் பற்றி ரிக்கார்டோ 1817இல் எழுதினார். தானியச் சட்டங்கள் நீங்கியது 1846இல். அதற்குள் உலகச் சந்தையில் பிரிட்டன் முதலிடத்தில் இருந்தது.

மற்ற நாட்டார் இதைக் கவனித்தார்கள். அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791லேயே இளம் தொழில்களுக்கு அரசு துணை வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். ஜெர்மானியர் ஃபிரெடரிக் லிஸ்ட் 1841இல், உச்சிக்கு ஏறியவன் ஏணியை எட்டி உதைக்கிறான் என்று பிரிட்டனைச் சாடினார். காலனிகளுக்கு அந்த ஏணியே கிடைக்கவில்லை. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் பெய்ரோக்கின் மதிப்பீட்டில், உலக ஆலை மற்றும் கைத்தொழில் உற்பத்தியில் 1750இல் இந்தியத் துணைக்கண்டத்தின் பங்கு கிட்டத்தட்ட கால்வாசி. 1880இல் 3 விழுக்காட்டுக்கும் கீழே. மற்ற இடங்களின் உற்பத்தி வேகமாகப் பெருகியதும் பங்கு சுருங்கக் காரணம்தான். ஆனால் சொந்தமாகச் சுங்கவரி போடும் உரிமை இல்லாத நாட்டால் எதிர்த்து என்ன செய்திருக்க முடியும்?

அதற்காக, வரிச்சுவர் எழுப்பினாலே தொழில் வளரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானின் சுங்கவரியை மேற்கத்திய ஒப்பந்தங்கள் 5 விழுக்காடு அளவிலேயே பல பத்தாண்டுகள் கட்டிப்போட்டிருந்தன. 1872இல் டோமியோகாவில் தொடங்கிய அரசுப் பட்டாலை போன்ற மாதிரி ஆலைகள், பள்ளிகள், வெளிநாட்டு நிபுணர்கள் என்று வேறு வழியில் அவர்கள் முயன்றார்கள்.

கேள்வி: கடிகார நேரத்துக்கு மனிதன் கட்டுப்பட்டது ஆலையாலா, ரயிலாலா?

இரண்டாலும். ஆலை வேலை நேரத்தை வரையறுத்தது, ரயில் ஊர்களின் நேரத்தை ஒன்றாக்கியது. அதுவரை ஒவ்வோர் ஊரும் சூரியனைப் பார்த்துத் தன் நேரத்தை வைத்துக்கொண்டது. 1840களில் பிரிட்டனின் ரயில்வேக்கள் லண்டன் நேரத்துக்கு மாறின. அது சட்டமானது 1880இல்தான்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவும் இதேபோல் போகுமா?

அப்படியே போகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மின்சாரத்தின் கதையைப் பாருங்கள். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் இயங்கத் தொடங்கியது. ஆலை முதலாளிகள் முதலில் செய்தது, நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தது. எஞ்சினின் விசையை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கொண்டுபோன கூரையடித் தண்டுகளும் வார்ப்பட்டைகளும் அப்படியே இருந்தன. பலனும் சொற்பம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை ஓட்டத்துக்கு ஏற்ப ஆலையையே புதிதாகக் கட்டிய பிறகு, அதாவது 1920களில்தான், அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் துள்ளியது. கருவி வந்ததற்கும் பலன் வந்ததற்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டு. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

பலன் கூலிக்கு வருமா என்பது தனிக் கேள்வி. ஃபோர்டு கார் நிறுவனம் 1913இல், கார் நகர்ந்து வர ஒவ்வொருவரும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நகரும் கோர்ப்பு வரிசையைக் கொண்டுவந்தபோது, சலித்துப்போன தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். 1914 ஜனவரியில் கம்பெனி நாள் வருமானத்தைச் சில நிபந்தனைகளோடு ஏறக்குறைய இருமடங்காக, 5 டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தது. டெட்ராய்ட்டில் அவர்களுக்குப் போக வேறு ஆலைகள் இருந்தன, அதனால் நிறுவனம் இறங்கிவந்தது. கைத்தறி நெசவாளிக்கு அப்படிப் போக இடமில்லை. எனவே இப்போது நான் கவனிப்பது, புதிய மென்பொருள் எதையெல்லாம் செய்யும் என்பதைவிட, அதனால் வேலை மாறும் ஆட்களுக்குப் போக வேறு வேலையும், கூட்டாகப் பேரம் பேச வழியும், இடைப்பட்ட ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க வருமானமும் இருக்கிறதா என்பதைத்தான்.